நாய் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

எங்களுடையது உரக்கடை. நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். யூரியா, டிஏபி, மாட்டுத்தீவனம் விற்றுக்கொண்டிருந்த கடையில் சில வருடங்களாக நாய்த்தீவன மூட்டையும் வைத்திருக்கிறேன், அந்த மூட்டை வந்து இறங்கிய நாளிலிருந்து நாய்ப் பஞ்சாயத்தும் கூடவே வந்துவிட்டது. நான் கால்நடை மருத்துவரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. ஆனால் ஒரே புகாரை நூறு பேர் சொல்லி, அதில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கோளாறு எங்கே இருக்கும் என்று ஒரு பழக்கம் வந்துவிடுகிறது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த முறையில் பழக்கினால் நல்லது, சங்கிலி போட்டா, பிஸ்கட் கொடுத்தா, ஆள் வைத்தா?" என்பதுதான். பம்பு செட் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் எடுத்தவுடனே மோட்டாரைக் கழற்றி காயில் கட்டக் கொடுக்கிறோமா? கரண்ட் வருகிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா, ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா என்று காசு செலவில்லாததிலிருந்து பார்த்துக்கொண்டு போவோம். நாய்க்கும் அப்படியே போகலாம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் கையில் இருக்க வேண்டியவை: வேகவைத்த கோழி ஈரல், கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கியது ஒரு கிண்ணம். பத்து மீட்டர் நைலான் கயிறு. கழுத்துப் பெல்ட்டோடு, உடம்பைச் சுற்றி மாட்டும் ஒரு பாடி பெல்ட். நாளுக்கு இரண்டு தடவை ஐந்தைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், காலையில் ஏழு மணிக்குள் ஒன்று. சித்திரை வைகாசியில் பத்து மணிக்குத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போய்ப் பழக்குகிறவர்கள் புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. ஈரல் கிடைக்காத நாளில் அவித்த முட்டை, தேங்காய்ச் சில்லு போதும். பிரசாதக் கேசரியைப் பாசத்தில் ஊட்டிவிடாதீர்கள், அதில் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு எல்லாமும் வேறு வேறு விதத்தில் ஆகாதவைதான், கொடுக்காதீர்கள்.

கோளாறு 1: கூப்பிட்டால் வருவதில்லை

பத்தில் ஆறு புகார் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதல் சோதனை: கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குள், வேறு யாரும் இல்லாதபோது, மூன்றடி தூரத்தில் நின்று கூப்பிடுங்கள். வருகிறதா?

*வீட்டுக்குள்ளேயே வரவில்லை என்றால்:* காதைப் பாருங்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் சுத்த வெள்ளையில் ஒரு ராஜபாளையம் குட்டி, நீலக் கண். ஆறு மாதமாக அது திமிர் பிடித்தது என்று அடி வாங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் போயிருந்தபோது திண்ணையில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது, நான் பின்னால் நின்று கடைச் சாவிக்கொத்தை ஆட்டினேன், காது அசையவில்லை. எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினேன், அப்போதும் இல்லை. அப்புறம் காலால் திண்ணையை ஓங்கி ஒரு மிதி, உடனே எழுந்து திரும்பியது. தரை அதிர்ந்தது தெரிந்திருக்கிறது, சத்தம் தெரியவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு புதிதல்ல. ஒரு காது மட்டும் கேட்காததும் உண்டு, அந்த மாதிரி நாய் சத்தத்துக்கு எழும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். செவிட்டு நாயையும் கைஜாடையில் நன்றாகவே பழக்கலாம், தெருவில் அவிழ்த்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. காதில் நாற்றம், கருப்பாக அழுக்கு, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பது என்றால் அது காதுப் புண், மருத்துவரிடம் போக வேண்டும்.

*வீட்டுக்குள் வருகிறது, வெளியே வருவதில்லை என்றால்:* கூப்பிடுகிற வார்த்தை கெட்டுப்போயிருக்கிறது. போன ஆடியில் விதைநெல் வாங்க வந்த ஒருவர் "அண்ணே, வரவே மாட்டேங்குது" என்றார். எந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடுறீங்க என்று கேட்டேன். இவர் "டைகர்", மகன் "வாடா", மருமகள் "கம், கம்", ஆயா "தோ தோ". இந்தத் "தோ தோ"வைத் தெருவே சொல்லும், எச்சில் இலை போடும் எதிர்வீட்டுக்காரரும் சொல்வார். நாய் எதைத்தான் கேட்கும்?

அதைவிட மோசம், அந்த வார்த்தைக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பது. கூப்பிடுகிறோம், வருகிறது, சங்கிலியில் கட்டுகிறோம். கூப்பிடுகிறோம், வருகிறது, செருப்பைக் கடித்ததற்கு ஒரு சாத்து. கூப்பிடுகிறோம், வருகிறது, குளிப்பாட்டுகிறோம். நாலு தடவை இப்படி நடந்தால் ஐந்தாவது தடவை வராமல் இருக்கிற நாய்க்குத்தான் அறிவு இருக்கிறது என்று அர்த்தம்.

செய்ய வேண்டியது: பழைய வார்த்தையை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாய் மணிக்கு "இந்தா". வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும், ஆயா உட்பட. ஒரு வாரம் வீட்டுக்குள், சொன்னதும் ஈரல், வந்த ஒரு விநாடிக்குள் வாய்க்குப் போய்விட வேண்டும். சட்டைப் பையில் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் அது உட்கார்ந்து சொறிந்துகொள்ளும், அப்புறம் ஈரல் சொறிந்ததற்குக் கூலி என்று ஆகிவிடும். அடுத்த வாரம் கொல்லையில், அதற்கடுத்து நீளக் கயிற்றைப் பாடி பெல்ட்டில் கோத்து (கழுத்துப் பெல்ட்டில் கோத்தால் ஓடுகிற வேகத்தில் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்) தெருவில், கடைசியாக வரப்பில். வரப்பில் கொக்கு நிற்கும், நண்டு ஓடும், அறுப்பு முடிந்த வயலில் வாத்துக்காரர் ஆயிரம் வாத்தை மேயவிட்டிருப்பார், அங்கே கூப்பிட்டு வந்தால்தான் பாடம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மூன்று மாதமும் ஆகும். ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும். வரவில்லை என்றால் திரும்பத் திரும்பக் கத்தாமல் கயிற்றை மெதுவாகச் சுருட்டிக்கொண்டு கிட்டே போங்கள், அடுத்த தடவை தூரத்தைக் குறையுங்கள். வந்ததில் ஐந்துக்கு நான்கு தடவையாவது ஈரலைக் கொடுத்துத் திரும்ப விளையாட விட்டுவிடுங்கள்.

*எல்லாம் சரியாக இருந்தது, ஆண் நாய், திடீரென்று ராத்திரியில் காணாமல் போகிறது என்றால்:* தெருவில் ஏதோ ஒரு பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது. இதற்கு ஈரல் எல்லாம் எடுபடாது. கதவைச் சாத்துங்கள். ஒவ்வொரு தடவையும் இதே கதை என்றால் கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அலைச்சல் குறையும், ஆனால் கருத்தடை செய்துவிட்டால் சொன்னபடி உட்காரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோளாறு 2: நேற்று வரை கேட்டது, இன்று கேட்கவில்லை

ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் இருக்கும் நாய் என்றால் பாதிக்குப் பாதி வயசுக் கோளாறு. பதினைந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வோமோ அதுதான், பாடத்தைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் எளிதாக்கிவிட்டுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வயது தாண்டிய நாய் என்றால் உடம்பைப் பாருங்கள், பழக்கத்தைப் பிறகு பார்க்கலாம். எங்கள் பக்கம் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். காதுமடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, வால் அடி, மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மூக்கில் ரத்தம், சிறுநீர் காப்பித் தண்ணி மாதிரி என்றால் ராத்திரி ஆனாலும் போங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்குச் சாதாரணம், நம் கணக்கில் காய்ச்சல் என்று பயந்து பாராசிட்டமால் கொடுத்துவிடக்கூடாது, மனுஷ மாத்திரை எதுவுமே கூடாது. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து எழுதுவார்.

"உட்கார்" என்றால் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறது, மற்றதெல்லாம் செய்கிறது என்றால் இடுப்பு வலியாக இருக்கலாம். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் பண்ணாதீர்கள், வழவழப்பான டைல்ஸ் தரை அதை இன்னும் கெடுக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

கோளாறு 3: கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது

இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் போகலாம் என்று நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இழுத்தவுடன் மரம் மாதிரி நில்லுங்கள், கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் நாள் டீக்கடை வரை போக அரைமணி நேரம் ஆகும், ஊர் சிரிக்கும். பத்து நாளில் சரியாகும். பொறுமை இல்லை என்றால் நெஞ்சுப் பக்கம் வளையம் வைத்த பாடி பெல்ட் வாங்குங்கள், இழுத்தால் உடம்பு தானே நம் பக்கம் திரும்பிவிடும். சுருக்குச் சங்கிலியும் முள் சங்கிலியும் என் கடையில் விற்பதில்லை.

கோளாறு 4: வருகிறவர்கள் மேல் எல்லாம் தாவுகிறது

நடவுச் சேற்றோடு வந்து மாமனாரின் வெள்ளை வேட்டியில் இரண்டு கால் பதித்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் புகார் வரும். குட்டியாக இருந்தபோது தாவினால் கொஞ்சினது யார் என்று கேட்பேன். நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் கையும் பேச்சும், தாவினால் திரும்பி நின்றுவிடுங்கள், முழங்காலால் இடிப்பது எல்லாம் வேண்டாம். வீட்டில் ஒருவர் மட்டும் "பரவாயில்லை" என்று கொஞ்சிக்கொண்டிருந்தால் இது தீராது.

கோளாறு 5: கண்டதை எல்லாம் வாயில் எடுக்கிறது, விடச் சொன்னால் விடுவதில்லை

மற்ற ஊரில் இது செருப்போடு போகும். டெல்டாவில் உயிர் போகும், ஏனென்றால் வரப்பில் எலி மருந்து இருக்கிறது. உரக்கடைக்காரன் சொல்கிறேன். சிங்க் பாஸ்பைடு பொடியை அரிசியில் எண்ணெய் விட்டுப் பிசைந்து வைப்பதற்கு முன்னால் இரண்டு நாள் விஷமில்லாத இரை வைத்து எலிக்கு ருசி காட்டுவோம் இல்லையா, அந்த இரண்டு நாளில் பக்கத்து வீட்டு நாய்க்கும் ருசி காட்டிவிடுகிறோம். தஞ்சாவூர் கிட்டி என்கிற எலிப்பொறி வைக்கிற வயலில் அந்தக் கவலையாவது இல்லை.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வாயில் எதையாவது எடுத்தால் நாம் துரத்திப் பிடித்து வாயைப் பிளந்து பிடுங்குகிறோம், அதனால் அடுத்த தடவை ஓடுகிறது, அல்லது அவசரமாக விழுங்கிவிடுகிறது. பிடுங்குவதை நிறுத்திவிட்டு மாற்றிக்கொள்ளப் பழக்குங்கள். வாயில் துணிப்பந்து இருக்கும்போது மூக்குப் பக்கம் ஈரலை நீட்டி, பந்து விழும்போது "விடு" என்று சொல்லி, ஈரலைக் கொடுத்து, பந்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதுதான் முக்கியம், கொடுத்தால் நஷ்டமில்லை என்று அதற்குப் புரிய வேண்டும். பந்து, அப்புறம் செருப்பு, அப்புறம் எலும்பு என்று மெதுவாக விலை ஏற்றுங்கள். மருந்து வைக்கிற நாட்களில் எவ்வளவு பழக்கிய நாயாக இருந்தாலும் கயிறு இல்லாமல் வயலுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

*தின்றுவிட்டது என்றால்:* இதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, வண்டியை எடுங்கள். உப்புத் தண்ணி, புளித் தண்ணி, தேங்காய் எண்ணெய் எதுவும் ஊற்றாதீர்கள். சிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலம் பட்டால் விஷ வாயுவாகும், சோறோ பாலோ கொடுத்தால் அமிலம் இன்னும் சுரக்கும். வண்டியில் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் ஆகாது, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். ப்ரோமாடியலோன் என்கிற எலி மருந்துக் கேக் என்றால் அன்றைக்கு நாய் ஜம்மென்று இருக்கும், மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ஈறிலும் மலத்திலும் ரத்தம் தெரியும். நன்றாகத்தானே இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அதற்கு வைட்டமின் கே1 என்று முறிவு மருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. எந்த மருந்து என்று தெரிய அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.

கோளாறு 6: உறுமுகிறது, கடிக்க வருகிறது

உறுமியதற்கு அடிக்காதீர்கள். உறுமல் என்பது அது கொடுக்கும் நோட்டீஸ், அடித்து நிறுத்தினால் நோட்டீஸ் இல்லாமல் நேராகக் கடி வரும்.

*சாப்பிடும்போது மட்டும் உறுமினால்:* தட்டுப் பக்கம் யாரும் போகாதபடி தனி இடத்தில் வையுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். இது போதாதென்றால், உறுமாத தூரத்தில் நடந்துபோகும்போது தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை வீசிவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். வாரக்கணக்கில் செய்தால் நம் காலடிச் சத்தத்துக்கு அதன் வால் ஆடும். கையைத் தட்டுக்குள் விட்டுப் பழக்குகிறேன் என்று சிலர் செய்வது வம்பை விலைக்கு வாங்குவது.

*தொட்டால் உறுமினால்:* வலி. மருத்துவர்.

*நாள் முழுக்கச் சங்கிலியில் இருக்கும் நாய் எல்லோரையும் பார்த்துச் சீறினால்:* அதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம், முதலில் சங்கிலியை அவிழ்த்து, சுற்றிக் கம்பி வேலி அடித்து உள்ளே நடமாட விடுங்கள். வீட்டில் ஒரே நாய், காவலுக்கு வேண்டும் என்று கட்டியே போடுகிறவர்கள் இதைச் செய்தாலே பாதி குறையும்.

தோல் கிழியக் கடித்துவிட்டது, அல்லது வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சீறுகிறது என்றால் நீங்களே பழக்குகிற கட்டம் தாண்டிவிட்டது. முதலில் மருத்துவர், அப்புறம் இந்த மாதிரி நாய்களைப் பார்த்துப் பழகிய பயிற்சியாளர்.

கடிபட்ட இடத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போடுங்கள், காசு கிடையாது. நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு உட்கார வேண்டாம். இன்னொன்று, தாடை தொங்கி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் ஒரு நாய் நின்றால் எலும்பு சிக்கியிருக்கும் பாவம் என்று வாயில் கையை விட்டுவிடாதீர்கள். வெறிநோய் அப்படியும் வரும். தள்ளி நின்று கால்நடை மருந்தகத்துக்குப் போன் பண்ணுங்கள்.

கோளாறு 7: வேட்டுச் சத்தத்தில் எதுவுமே காதில் ஏறுவதில்லை

தீபாவளி வருடத்துக்கு ஒரு நாள், எங்கள் ஊரில் சாவு ஊர்வலத்துக்கும் வேட்டு உண்டு. பயந்த நாயிடம் "உட்கார்" என்று சொல்லிக்கொண்டிருப்பது வீண், அப்போது அது பாடம் படிக்கும் நிலையில் இல்லை. ஜன்னல் குறைவான உள்ளறை, ஃபேன், டிவி, பக்கத்தில் ஒரு ஆள். தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பது பொய், தடவிக்கொடுங்கள். கதவை உடைக்கிற அளவுக்குப் போனால் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை கேளுங்கள், அன்றைக்கு ராத்திரி கேட்டு யாரும் எழுதித் தர முடியாது.

கோளாறு 8: பயிற்சியாளரிடம் கேட்கிறது, நம்மிடம் கேட்பதில்லை

செலவு அதிகமான கோளாறு இதுதான், ஏனென்றால் காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மாதக்கணக்கில் நாயை விட்டுவிட்டுப் போங்கள், பழக்கித் தருகிறோம் என்று சொன்னவர்களிடம் விட்டு, கொழுத்த தொகை கொடுத்து, வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பழைய குருடி கதவைத் திறடி என்று ஆனவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். நாய்க்கு அந்த ஆளிடம், அந்த இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும், நம் வீட்டுக்கான பாடம் யாரும் நடத்தவில்லை. அவர் சொன்ன அதே வார்த்தையை, அதே கைஜாடையை எழுதி வாங்கிக்கொண்டு, முதல் கோளாறில் சொன்ன மாதிரி வீட்டுக்குள்ளிருந்து ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் கைக்கு வரும். வரவில்லை என்றால் அவரையே இரண்டு நாள் வீட்டுக்கு வரச்சொல்லி உங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள், நாய்க்கு வேண்டாம்.

இனிமேல்தான் ஆள் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு கேள்வி. நாய் தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள்? வகுப்பில் நாங்களும் நிற்கலாமா? முதல் கேள்விக்கு "நாய்க்கு நாம்தான் தலைவன்னு காட்டணும்" என்று பதில் வந்தாலோ, ஷாக் பெல்ட்டை எடுத்துக் காட்டினாலோ வணக்கம் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் விலங்கு நடத்தையைப் பார்க்கிற கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021-இலேயே, எந்த நாய்க்கும், கடிக்கிற நாய்க்கும் சேர்த்துத்தான், வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு "நீங்க இருந்தா அது கேட்காது" என்றாலும் அதே வணக்கம்.

ஒத்துவந்தால் ஒரு வகுப்புக்கு மட்டும் காசு கொடுங்கள். மறுநாள் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் நாய் வாசலுக்கு ஓடினால் மாதத்துக்குப் பேசிக்கொள்ளலாம், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் வாசலிலேயே கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள்.